வாசலில் மூன்று படி: சாய்தளமா, மேடை லிஃப்டா, முழு லிஃப்டா?

நம் ஊரில் கட்டடம் என்றால் வாசலில் இரண்டு மூன்று படியாவது இருக்கும். மழைத்தண்ணீர் உள்ளே வந்துவிடக் கூடாது, தார் போடப் போட ரோடு உயர்ந்துகொண்டே போகிறது, தெருமட்டத்துக்குக் கீழே வீடு இருக்கக் கூடாது என்று காரணங்கள் பல. அந்தப் படிகளைச் சக்கர நாற்காலியில் வருகிறவர் எப்படிக் கடப்பார் என்ற கேள்வி மட்டும் கட்டி முடித்து, டைல்ஸ் ஒட்டி, கிரகப்பிரவேசமும் ஆன பிறகுதான் எழுகிறது. வீட்டில் ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிய வேண்டும், அல்லது அலுவலகத்தில் புதிதாக ஒருவர் சேர வேண்டும். அப்போது மேஸ்திரி ஒன்று சொல்வார், லிஃப்ட் கம்பெனிக்காரர் வேறொன்று சொல்வார், சொந்தக்காரர்கள் "நாங்கள் தூக்கிக்கொள்கிறோம்" என்பார்கள்.

விலையை வைத்துத்தான் பலரும் முடிவெடுக்கிறார்கள். கட்டட வேலையில் இருக்கும் நான் முதலில் பார்ப்பது வேறு: வருகிறவர் யாரையும் கூப்பிடாமல், முன்வாசல் வழியாக, தானே உள்ளே வந்து தானே வெளியே போக முடிகிறதா? இந்த ஒரு கேள்வியை வைத்துப் பார்த்தால் வழிகளின் வரிசை தலைகீழாகிவிடும்.

செலவே இல்லாத வழி தூக்குவது. அன்போடுதான் தூக்குகிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் பல சக்கர நாற்காலிகளின் கைப்பிடிகள் கழற்றி மாட்டும் வகையைச் சேர்ந்தவை. தூக்குகிறவர் அதைத்தான் முதலில் பிடிப்பார்; பாதி படியில் அது கையோடு வந்துவிடும். பேட்டரியில் ஓடும் நாற்காலி என்றால் ஆள் உட்காரும் முன்பே 50 கிலோவைத் தாண்டும் மாடல்கள் உண்டு. அறிமுகமில்லாத ஆண்கள் நாலு பேர் தன்னைத் தொட்டுத் தூக்குவதை எந்தப் பெண்ணும் விரும்ப மாட்டாள். திரும்பிப் போகும்போதும் அந்த நாலு பேர் அங்கேயே இருக்க வேண்டும். இதை ஒரு வழி என்று கணக்கில் சேர்ப்பதே தவறு. ஆனாலும் பாதிக் கட்டடங்களில் நடைமுறை இதுதான் என்பதால் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

அடுத்தது சாய்தளம். அளவு சரியாக இருந்தால் இதை வெல்ல வேறொன்றும் இல்லை. கரண்ட் வேண்டாம், சாவி வேண்டாம், ஆள் வேண்டாம், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் வேண்டாம். தள்ளுவண்டியில் குழந்தையோடு வரும் தாய், காஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், வாக்கர் பிடித்து நடக்கும் தாத்தா என்று எல்லாருக்கும் அது உதவுகிறது. சிக்கல் "அளவு சரியாக இருந்தால்" என்பதில்தான் இருக்கிறது.

ஏற்றுக்கொள்ளப்பட்ட அதிகபட்சச் சரிவு 12-க்கு 1. நம் அடிக்கணக்கில் இது எளிது: ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம். ஆறு அங்குலப் படி மூன்று என்றால் 18 அங்குலம்; 18 அடி நீளச் சாய்தளம் வேண்டும். மேலும் கீழும் திரும்ப ஐந்தடிச் சதுரத் தளம் தனி. 20-க்கு 1 என்று வைத்தால் இன்னும் சுகம், ஆனால் நீளம் 30 அடியாகிவிடும். ஒரே ஓட்டத்தில் 30 அங்குலத்துக்கு மேல் ஏற்றக் கூடாது, நடுவில் நின்று மூச்சுவாங்க ஒரு தளம் வேண்டும் என்கிறது அமெரிக்க விதி.

இதைக் கேட்டதும் "எங்கள் வாசலில் ஏற்கெனவே சாய்தளம் இருக்கிறதே" என்பார்கள். இருப்பது பைக் ஏற்றும் சரிவு. அது 4-க்கு 1 இருக்கும், சில தெருக்களில் அதைவிடச் செங்குத்து. நாற்காலியும் ஆளும் சேர்த்து 90 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 12-க்கு 1 சரிவில் பின்னோக்கி இழுக்கும் விசை சுமார் ஏழரைக் கிலோ. 6-க்கு 1 சரிவில் அது 15 கிலோ. பைக் சரிவில் கிட்டத்தட்ட 22 கிலோ. பைக்குக்கு இன்ஜின் இருக்கிறது. நாற்காலியில் இருப்பவருக்கு இரண்டு தோள்கள்தான். அந்தச் செங்குத்தில் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பி நாற்காலி பின்பக்கமாகக் கவிழவும் கூடும். வங்கிக் கிளைகளிலும் ஏடிஎம் வாசல்களிலும் விதிக்காகக் கட்டிய சாய்தளங்கள் பல இப்படிச் சறுக்குமரமாகத்தான் நிற்கின்றன. படியே மேல் என்று தோன்ற வைக்கும் சாய்தளங்கள் அவை. படியில் எவரும் தனியாக ஏற முயலமாட்டார், இதில் முயன்று விழுவார்.

சரிவு சரியாக இருந்தும் கோட்டைவிடும் இடங்கள் சில உண்டு. பளபளவென்று கிரானைட் போட்டுவிடுவார்கள். முதல் தூறலிலேயே சக்கரம் வழுக்கும். கைப்பிடிக் கம்பியை ஒரே பக்கம் வைப்பார்கள். வலது கை செயலிழந்தவருக்கு அது ஏறும்போது உதவினால் இறங்கும்போது உதவாது. சக்கரம் விளிம்பைத் தாண்டாமல் தடுக்க ஓரத்தில் நான்கு அங்குலத் திண்டு வேண்டும், அதை மறந்துவிடுவார்கள். மேல்தளத்தை இரண்டடியில் முடித்துவிட்டு, கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி வைப்பார்கள். கதவைத் திறக்க நாற்காலியைப் பின்னால் நகர்த்த வேண்டும். பின்னால் இருப்பதோ சரிவு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாய்தளம் வைத்தோம் என்று படிகளை எடுத்துவிடாதீர்கள். போலியோ பாதித்து, காலைத் தாங்கும் உலோகச் சட்டமான காலிப்பர் மாட்டி நடப்பவர்களில் பலருக்குச் சரிவைவிடப் படி எளிது. கணுக்கால் மடங்காதபோது சரிவில் உடம்பு முன்னோக்கியோ பின்னோக்கியோ சாயும். கைப்பிடி உள்ள தாழ்வான படியில் ஒவ்வொரு அடியும் சமதளத்தில் நிற்கும். வெள்ளைக்கோலோடு வருகிறவருக்கும் படியின் விளிம்பு தெளிவான அடையாளம். சாய்தளமும் நல்ல படிகளும் அருகருகே இருப்பதுதான் சரியான வாசல்.

அருகருகே என்பதை அழுத்திச் சொல்கிறேன். அளவெடுக்கப் போன ஒரு திருமண மண்டபத்தில் "சாய்தளம் இருக்கிறது, வாருங்கள்" என்று பெருமையாக அழைத்துப் போனார்கள். இருந்தது, சமையற்கட்டுக்குப் பின்னால். அண்டாக்களைத் தள்ளுவண்டியில் ஏற்றுவதற்காகக் கட்டியது. பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, வாழையிலைக் குவியல் ஒரு பக்கம், சிலிண்டர்கள் ஒரு பக்கம். சரிவு என்னவோ கச்சிதமான அளவுதான். பட்டுப்புடவை கட்டி, சக்கர நாற்காலியில் தங்கை கல்யாணத்துக்கு வருகிற ஒரு பெண் பன்னீர் தெளிக்கும் வாசலை விட்டுவிட்டு இந்த ஈரத்தில் உருண்டு போக வேண்டும். முன்வாசலில் நாலு படி, இரு பக்கமும் சிமெண்ட் யானைகள். ஒரு யானையை எடுத்தால் சாய்தளத்துக்கு இடம் இருந்தது. நான் சொன்னேன், யானை ராசியானது என்றார்கள்.

இடமே இல்லாதவர்களுக்கு விற்கப்படுவது அலுமினிய சாய்பலகை. மடக்கி வைக்கலாம், தேவைப்படும்போது விரிக்கலாம். ஒரு படிக்கு நல்லது. மூன்று படிக்கு வாங்குகிறவர்கள் பலகை ஆறடியில் முடிந்துவிடுவதைக் கவனிப்பதில்லை. 18 அங்குலத்தை ஆறடியில் ஏற்றினால் மறுபடியும் 4-க்கு 1. விரிப்பதற்கு ஆள் வேண்டும் என்பதால் என் கேள்வியிலும் தேறாது. வாடகை வீட்டுக்கும் பயணத்துக்கும் வைத்துக்கொள்ளலாம்.

தற்காலிக ஏற்பாட்டுக்கும் நிரந்தர ஏற்பாட்டுக்கும் உள்ள தூரத்தைச் சென்னை மெரினாவில் பார்த்தோம். முன்பு ஆண்டில் சில நாட்கள் மட்டும் மாற்றுத்திறனாளிகளுக்காக மணலில் பாதை போட்டு, பிறகு எடுத்துவிடுவார்கள். 2022 நவம்பரில் நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அதன் ஒரு பகுதி சேதமடைந்தது. மரம் தேவையா என்று அப்போது பலர் கேட்டார்கள். சீரமைத்துத் திரும்பவும் திறந்தார்கள், அதுதான் சரி. கடலை எந்த நாளில் பார்க்கலாம் என்பதைப் போகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மேடை லிஃப்ட் என்பது நாற்காலியோடு ஏறி நிற்க ஒரு தட்டு, சுற்றிலும் இடுப்பளவுத் தடுப்பு, ஆளுயரம் வரை செங்குத்தாக ஏறும் இயந்திரம். ஐந்தடிக்கு ஐந்தடி இடம் போதும், ஆழமான குழி தேவையில்லை. உயரம் மூன்றடியைத் தாண்டி, முன்னால் இடமும் இல்லாதபோது இதுதான் நியாயமான வழி. 36 அடிச் சாய்தளத்தை எல்லாராலும் கட்ட முடியாது. குறைகளும் தெளிவானவை. பெரும்பாலானவற்றில் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் தட்டு நகரும். விரல்களுக்குப் பலமில்லாதவருக்கு, மூளை முடக்குவாதம் உள்ளவருக்கு அது பெரிய சோதனை. மோட்டாரை அடியில் வைத்திருந்தால் ஒரு வெள்ளத்துக்குப் பின் அது வேலை செய்யாது. வேளச்சேரி, முடிச்சூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடற்கரை ஊர்களில் துருவும் சேரும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை சாவி. குழந்தைகள் விளையாடுகிறார்கள் என்று பூட்டிச் சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிடுவார்கள். காவலாளி டீ குடிக்கப் போனால் வந்தவர் வெயிலில் காத்திருக்க வேண்டும். சாவி இல்லாமல் இயங்கட்டும், பேட்டரி இணைப்பு இருக்கட்டும் என்று இரண்டு நிபந்தனையை எழுதி வாங்கிக்கொண்டு போடுங்கள்.

படிக்கட்டு ஓரம் தண்டவாளத்தில் ஓடும் நாற்காலியைப் பொதுக் கட்டடத்துக்கு நான் பரிந்துரைப்பதே இல்லை. சக்கர நாற்காலியிலிருந்து அதற்கு மாற வேண்டும், மேலே போனதும் இன்னொரு சக்கர நாற்காலி காத்திருக்க வேண்டும். குறுகலான பொதுப் படிக்கட்டில் மற்றவர்களின் வழியையும் அது அடைக்கும். ஆனால் சொந்த மாடிவீட்டில், மூட்டுவலியால் மாடி ஏற முடியாமல் போன, ஆனால் எழுந்து உட்காரத் தெம்புள்ள அம்மாவுக்கு அது வரப்பிரசாதம். அந்த வீட்டில் லிஃப்டுக்காகச் சுவரை உடைக்கத் தேவையில்லை.

ஒரு முழு மாடிக்கு லிஃப்டோடு போட்டிபோட எதுவும் இல்லை. பத்தடி உயரத்துக்கு 120 அடிச் சாய்தளம் வேண்டும். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 2010-இல் திறந்த எட் ராபர்ட்ஸ் வளாகத்தில் சிவப்பு நிறச் சுருள் சாய்தளம் ஒன்றை நடுக்கூடத்தில் மாடிவரை ஏற்றியிருக்கிறார்கள். மாற்றுத்திறனாளி அமைப்புகளே தங்களுக்காகக் கட்டிக்கொண்ட இடம் அது. அங்கும் லிஃப்ட் உண்டு. அந்த அளவு இடமும் பணமும் நம் அடுக்குமாடிகளில் கிடைக்காது.

ஆகவே லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டு நிறுத்திவிடாமல், எந்த லிஃப்ட் என்று கேளுங்கள். நம் குடியிருப்புகளில் அதிகம் காணப்படும் ஆறு பேர் லிஃப்டின் உட்புற ஆழம் சுமார் ஒரு மீட்டர், கதவுத் திறப்பு 70 சென்டிமீட்டர். சக்கர நாற்காலி கால்விரல் வரை 1.2 மீட்டர் நீளம், 65 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். கதவில் விரல் முட்டி உரசும். உள்ளே போனாலும் கால்தாங்கி வெளியே நிற்கும். பலர் கால்தாங்கியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, காலை மடக்கிப் பிடித்தபடி ஏறுகிறார்கள். பொதுக் கட்டடங்களுக்கு நெடுநாளாகச் சொல்லப்படும் அளவு 13 பேர் லிஃப்ட், 90 சென்டிமீட்டர் கதவு. இழுத்து மூடும் கிரில் கதவு இருந்தால் இன்னும் மோசம்: முன்நோக்கி உள்ளே போனவருக்குப் பின்னால் இருக்கும் கதவை எட்ட முடியாது, மூடாமல் லிஃப்ட் நகராது. இப்போது நாகரிகமாக வரும் தொடுதிரைப் பொத்தான்கள் பார்வையற்றவருக்கு வெறும் கண்ணாடி. மேடான எண்களும் பிரெய்லும் தளத்தைச் சொல்லும் குரலும் இருந்தால் அவர் தனியாகப் போய்விடுவார்.

சட்டம் எந்தப் பக்கம் என்பதில் குழப்பமில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் விதிகள் 2017 ஜூனில் வந்தன. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை மாற்ற ஐந்தாண்டு அவகாசம் தரப்பட்டது. அது 2022-லேயே முடிந்துவிட்டது. அளவுகள் வெறும் பரிந்துரையாகவே நிற்பதைச் சுட்டிக்காட்டி, 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளில் 15(1)-ஆம் விதி சட்டத்துக்கு முரணானது என்றது. கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கவும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. "முடிந்தால் செய்கிறோம்" என்று சொல்லும் காலம் போய்விட்டது.

இனி என் தேர்வுகள். ஒரு படி என்றால் யோசிக்காமல் சாய்தளம். மூன்றடி வரை, இடம் இருந்தால், சாய்தளம். மடக்கிக் கட்டினாலும் சரி. அதற்கு மேல், இடமும் இல்லையென்றால், சாவியில்லாத மேடை லிஃப்ட். மாடிக்கு நாற்காலி முழுதாக நுழையும் தானியங்கிக் கதவு லிஃப்ட். புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு இவை எதுவும் தேவைப்படாமலே செய்ய முடியும்: வாசலை உயர்த்தும்போது கேட்டிலிருந்து வாசல்வரை உள்ள தரையையும் மெல்லச் சேர்த்து உயர்த்தி, தண்ணீருக்கு ஓரத்தில் வடிகால் விட்டுவிட்டால் படியே வராது.

கடைசியாக, அடிக்கடி என்னிடம் வரும் கேள்வி ஒன்று. கீழே கார் நிறுத்தம், லிஃப்ட் லாபிக்கு மட்டும் மூன்று படி, சாய்தளத்துக்கு இடமே இல்லை என்று சங்கத்தினர் சொல்லும் அடுக்குமாடிகள். லட்சக்கணக்கில் செலவழித்த லிஃப்ட் 18 அங்குலத்தால் வீணாகிக் கிடக்கும் இடங்கள் இவை. கொஞ்சம் நெருக்கிப் போட்டால் கணக்கு இப்படி வருகிறது: ஒன்பதடி ஓட்டம் இரண்டு, பக்கத்துப் பக்கத்தில், ஒவ்வொன்றும் நாலடி அகலம், கடைசியில் திரும்புவதற்கு ஐந்தடித் தளம். மொத்தம் 14 அடி நீளம், எட்டடி அகலம்; மேலும் கீழும் வேண்டிய தளங்கள் இதில் சேராது. ஒரு கார் நிறுத்தும் கட்டம் இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர், அதாவது எட்டடிக்குப் பதினாறடி. லாபியை ஒட்டிய ஒரு கட்டத்தைச் சங்கம் விட்டுக்கொடுத்தால் இரண்டு ஓட்டமும் அதில் அடங்கிவிடும்.