பித்தளை கபூஸ் என்று வாங்கினேன், உள்ளே தூண்டில் ஈயம் இருந்தது

240 டாலர் போனது போனதுதான், திரும்பி வராது. மாடல் ரயிலில் பித்தளைப் பெட்டி தேடுகிற இன்னொருவர் இதே ஆளிடம் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று எழுதுகிறேன்.

இந்தப் பக்கம் வராதவர்களுக்கு ஒரு வரி. நம்மூர் சரக்கு ரயிலின் வாலில் கார்டு உட்கார்ந்து வரும் பெட்டி இருக்கிறதே, அதன் அமெரிக்க ஒன்றுவிட்ட அண்ணன்தான் கபூஸ். கூரைமேல் துருத்திக்கொண்டிருக்கும் சின்னக் கூண்டில் ஏறி உட்கார்ந்து, முன்னே போகும் வேகன்களில் எங்காவது அச்சு சூடாகிப் புகைகிறதா என்று பார்த்துக்கொண்டே வருவார்கள். அச்சு சூடாவதைத் தண்டவாளத்தோரக் கருவிகள் கவனிக்க ஆரம்பித்தன. 1980களில் கடைசி வேகனின் கப்ளரில், அதாவது வேகன்களை இணைக்கும் கொக்கியில், மாட்டும் சிவப்பு விளக்குப் பெட்டி வந்து கபூஸின் இடத்தையே பிடுங்கிக்கொண்டது.

நான் அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க் பக்கம் குடியிருப்பதால், பென்சில்வேனியா ரயில்ரோடு என்ற பழைய ரயில் கம்பெனிமேல் எனக்குப் பைத்தியம். அந்தக் கம்பெனியில் கபூஸ் என்று சொல்ல மாட்டார்களாம், கேபின் கார் என்றுதான் சொன்னார்கள். அதிலும் என்5சி என்ற வகை. 1942இல் ஆல்டூனா பணிமனையில் 200 கட்டினார்கள். கப்பலில் இருப்பது போல வட்ட ஜன்னல்கள். பிற்பாடு சிலவற்றின் கூரையில், ரயிலிலிருந்தபடியே பேச உதவும் ட்ரெயின்போனின் ஆன்டெனாவும் வந்தது. நீளவாக்கில் கம்பிவேலி போட்ட மாதிரி இருக்கும். பிளாஸ்டிக்கில் ஏற்கெனவே இரண்டு வைத்திருக்கிறேன். சுவரோடு வார்த்திருக்கும் கைப்பிடிகளைக் கத்தியால் சீவி எடுத்துவிட்டு, துளை போட்டு, 0.3 மில்லிமீட்டர் கம்பியை வளைத்து நானே செருகியவை. பித்தளையில் ஒன்று வேண்டும் என்பது மட்டும் ரொம்ப நாள் ஆசை.

அந்த நேரத்தில்தான் ஓர் இணைய விற்பனைத் தளத்தில் விளம்பரம் கண்ணில் பட்டது. "ஹெச்ஓ அளவு, பித்தளை, கையால் வண்ணம் பூசியது, 1943இல் ஓடியபடியே." ஹெச்ஓ என்றால் நிஜப் பெட்டியில் 87இல் ஒரு பங்கு அளவு. நான்கு படங்கள். கைப்பிடிக்கும் சுவருக்கும் நடுவே மெல்லிய நிழல் விழுந்திருந்தது, அதைப் பார்த்துத்தான் மயங்கினேன். காலமான ஒருவரின் சேகரிப்பை அவர் குடும்பத்துக்காக விற்றுத் தருவதாக அந்த ஆள் எழுதியிருந்தார். தளத்துக்குக் கமிஷன் போகாமல் நண்பருக்கு அனுப்புவது போல நேரடியாகப் பணம் அனுப்பினால் 30 டாலர் குறைப்பதாகச் சொன்னார். குறைத்தார், அனுப்பினேன். அப்படி அனுப்பும் பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு எதுவும் கிடையாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே அனுப்பினேன், அதைத்தான் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

ஒன்பதாம் நாள் பார்சல் வந்தது. கையில் எடுத்தபோது நல்ல கனம். சரி, பித்தளைதான் என்று நிம்மதியாக மேசையில் வைக்கப் போனேன். உள்ளே ஏதோ கடகடவென்று உருண்டது. நகத்தால் கூரையைத் தட்டினேன். பித்தளை என்றால் சின்னதாக ஒரு 'ணிங்' வரும். இது தயிர் டப்பாவைத் தட்டியது போல மொத்தென்றது.

அடியிலிருந்த இரண்டு திருகைக் கழற்றித் திறந்தேன். தூண்டிலில் கட்டுவார்களே, அந்த ஈயக் குண்டுகள், ஏழெட்டு. சூட்டுப் பசையால் கூரையின் உள்பக்கம் ஒட்டியிருந்தார்கள். ஒன்று மட்டும் பிய்ந்து உருண்டுகொண்டிருந்தது. சாம்பல் நிறப் பிளாஸ்டிக், மேலே தோசைமாவு கனத்துக்குச் சிவப்புப் பெயின்ட். கைப்பிடி எல்லாம் சுவரிலேயே வார்த்த வரம்பு, படத்தில் பார்த்த நிழலுக்கு இதில் இடமே இல்லை. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா கொடுத்தீங்க? நம்ம ஷெல்ஃப்லயே இதே மாதிரி ரெண்டு இருக்கே" என்றாள். அந்த இரண்டும் இதைவிட நன்றாக இருக்கும் என்று எனக்குச் சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை.

சரி, பிளாஸ்டிக்காக இருந்தாலும் வேலையாவது ஒழுங்கா? பக்கவாட்டில் 478112 என்று எண். என்5சிக்கு 477820 முதல் 478019 வரைதான். அதற்கு மேலே உள்ள எண்கள் 1950-51இல் கட்டிய என்8 வகையுடையவை. அது வேறு பெட்டி. அப்புறம் பக்கவாட்டில் நிழலோடு வரைந்த கீஸ்டோன், அதாவது அந்தக் கம்பெனியின் சின்னம். அது ஐம்பதுகளில் வந்தது. 1943இல் ஓடிய பெட்டியில் அது எப்படி இருக்கும்? பொய் சொல்வதற்கும் கொஞ்சம் படித்திருக்க வேண்டாமா!

விற்றவருக்குப் படங்களோடு எழுதினேன். "இருந்தபடியே விற்றது, திருப்பி எடுக்க மாட்டோம், எனக்குப் பித்தளை பற்றி எதுவும் தெரியாது" என்று பதில். அடுத்த கடிதத்துக்குப் பதிலே இல்லை. பணம் அனுப்பிய செயலி கையை விரித்தது, தளமோ விற்பனை தங்கள் வழியாக நடக்கவில்லை என்றது. இரண்டு பேர் சொன்னதிலும் தப்பில்லை.

வாங்குவதற்கு முன் நான் செய்யாமல் விட்டது ரொம்பச் சின்ன வேலை. அடிப்பக்கத்தின் படம் கேட்டிருக்க வேண்டும். பித்தளை மாடல்கள் ஜப்பானிலும் பிறகு கொரியாவிலும் சிறு சிறு தொகுதிகளாகக் கையால் பற்றவைத்துச் செய்தவை. படிக்கட்டின் பின்புறம், கப்ளர் திருகும் இடம் இங்கெல்லாம் பற்றவைத்த தடமோ மஞ்சள் உலோகமோ கட்டாயம் கொஞ்சம் தெரியும். பெட்டியைத் திறந்து உள்கூரையைக் காட்டச் சொன்னால் இன்னும் நல்லது. பக்கத்தில் அன்றைய தேதி எழுதிய காகிதமும் இருக்கட்டும். பழைய பித்தளை என்று சொல்லி அட்டைப்பெட்டிக்குள் பளிச்சென்ற புது ஸ்பாஞ்ச் இருந்தாலும் காரணம் கேளுங்கள். பழைய ஸ்பாஞ்ச் பொடிந்து வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் நல்ல சேகரிப்பாளர்கள் மாற்றியிருப்பார்கள்தான், ஆனால் மாற்றியவர் அதைத் தானாகவே சொல்வார். எனக்கு வந்ததில் ஸ்பாஞ்ச் நீல நிறம், கடை வாசனைகூடப் போகவில்லை.

பணம் போன பிறகு அந்தப் படங்களை இணையத்தில் தேடிப் பார்த்தேன். சில வருடங்களுக்கு முன் முடிந்த வேறொரு ஏலத்தின் படங்கள். ஒரு ஓரத்தை மட்டும் வெட்டியிருக்கிறார்கள்.

நேற்று இரவு அதே நான்கு படங்கள் மறுபடி வந்திருக்கின்றன. விற்பவர் பெயர் வேறு, மேசைத் துணியில் அதே காபிக் கறை, இந்த முறை விலை 260. தளத்துக்குப் புகார் அனுப்பியாகிவிட்டது. இதை எழுதும்வரை விளம்பரம் அங்கேயேதான் இருக்கிறது.