முஷிஷி: படிப்பதா, பார்ப்பதா?

முஷிஷி என்ற ஜப்பானியக் கதை மங்காவாகவும் (படக்கதை) இருக்கிறது, அனிமேயாகவும் (அனிமேஷன் தொடர்) இருக்கிறது. இதில் நான் அனிமே கட்சி. வழக்கமாக மங்கா படித்தவர்கள் "அந்தக் காட்சியை வெட்டிவிட்டார்கள், முடிவை மாற்றிவிட்டார்கள்" என்று புலம்புவார்கள். இங்கே அந்தச் சண்டைக்கே வழியில்லை. யுகி உருஷிபாரா 1999 முதல் 2008 வரை எழுதி வரைந்தது 10 தொகுதிகள். ஹிரோஷி நாகஹாமா இயக்கி 2005-இல் தொடங்கிய 26 அத்தியாயங்கள், 2014-இல் வந்த இரண்டாவது தொடர், கூடவே வந்த சிறப்புப் படங்கள் எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட மொத்த மங்காவும் பெரிய மாற்றமில்லாமல் திரைக்கு வந்துவிட்டது. ஒவ்வொன்றும் தனிக்கதை என்பதால் வரிசை கொஞ்சம் மாறியதும் ஒரு பொருட்டில்லை.

தெரியாதவர்களுக்கு: முஷி என்பவை செடியும் இல்லாத, விலங்கும் இல்லாத ஆதி உயிர்கள், பெரும்பாலானவர்கள் கண்ணுக்குத் தெரியாது. அவற்றால் வரும் கோளாறுகளைத் தீர்க்க கிங்கோ என்ற வெள்ளை முடிக்காரர், முதுகில் மருந்துப் பெட்டியோடு ஊர் ஊராக அலைகிறார். அமானுஷ்யக் கதைதான், ஆனால் பேயோட்டும் அடிதடி கிடையாது.

சரி, கதை ஒன்றேதான் என்றால் எதை வைத்து முடிவு செய்வது? எனக்கு அது ஒலி. வண்ணம் கூட இரண்டாம் பட்சம்தான்.

அனிமேயின் மூன்றாவது அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பனி மூடிய மலைக் கிராமம், ஒலியைத் தின்னும் முஷி ஒன்று காதுக்குள் புகுந்து பலருக்குக் கேட்காமல் போகிறது. மாஹோ என்ற சிறுவனுக்கு மட்டும் நேர்மாறு: அவன் காதில் இருப்பது அமைதியைத் தின்கிற இன்னொரு வகை, அதனால் ஓயாத இரைச்சல், நெற்றியில் கொம்புகள் வேறு. அவனுக்கு விடிவு எங்கிருந்து வருகிறது என்றால், உள்ளங்கையால் காதைப் பொத்தும்போது நம் உடம்புக்குள்ளிருந்தே கேட்குமே ஒரு உறுமல், அதிலிருந்து. மங்காவில் இதையெல்லாம் வாசித்துப் புரிந்துகொள்கிறோம், நன்றாகவே புரிகிறது, ஆனால் காதுக்குள் ஒன்றும் நடப்பதில்லை. அனிமேயில் இரைச்சல், பனியின் நிசப்தம், அந்த உறுமல் மூன்றும் நம் காதுக்கே வந்துவிடுகின்றன, பையன் என்ன பாடுபடுகிறான் என்பதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்காது. மற்ற அத்தியாயங்களிலும் பூச்சிச் சத்தம், தண்ணீர், காற்று என்று கதைக்குப் பாதி உயிர் கொடுப்பது ஒலிதான். தோஷியோ மசுதாவின் இசை வேறு, ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் தனியாக ஒரு மெட்டு, கதை எந்த மனநிலையில் விட்டதோ அங்கேயே நம்மைக் கொஞ்ச நேரம் உட்கார வைக்கிறது. (தொடக்கப் பாடல் ஆங்கிலத்தில் ஒரு கிட்டார் பாட்டு. முதலில் சம்பந்தமே இல்லாததுபோல் இருக்கும், அப்புறம் தாண்டிப் போக மனம் வராது.)

இன்னொரு சின்ன விஷயம், உருஷிபாரா வரையும் முகங்களில் பல ஒரே சாயல். கிங்கோவை விட்டால் யார் அண்ணன், யார் தம்பி என்று மங்காவில் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. அனிமேயில் குரல் காப்பாற்றுகிறது.

மங்காவுக்கும் நியாயம் செய்ய வேண்டும். முஷிகள் கறுப்பு வெள்ளைக் கோடுகளில்தான் கூடுதலாகக் கூசவைக்கின்றன, தொகுதி அட்டைகளின் நீர்வண்ணம் அலமாரியில் வைத்து ரசிக்கத்தக்கது. நிதானமாக, நம் வேகத்தில் போகலாம். நான் படித்தது ஆங்கில மொழிபெயர்ப்பு மட்டுமே, ஆகவே உருஷிபாராவின் ஜப்பானிய நடையைப் பற்றி என் பேச்சை நம்ப வேண்டாம், அது தெரிந்தவர்களுக்குத் தராசு மங்கா பக்கம் சாயலாம்.

இரண்டு தொடர்களில் முதலாவதிலிருந்தே தொடங்குங்கள். ஹெட்போன் கட்டாயம், போன் ஸ்பீக்கரில் பார்ப்பதாக இருந்தால் பேசாமல் மங்காவையே வாங்கிவிடலாம்.