மசினகுடி, பின்பக்க அறை: ஐந்துக்கு நாலரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தங்குமிடத்தின் பெயரை நான் போடப் போவதில்லை. வீட்டுக்காரம்மா கேட்டுக்கொண்டது அப்படி. "நல்லா எழுதுங்கக்கா, ஆனா பேரு மட்டும் வேண்டாம். போன வருஷம் ஒருத்தர் போட்டோவோட எழுதினாரு. அடுத்த வாரமே வரிசையா கார் வந்து நின்னுச்சு. அந்த மாசம் ஒரு மான்கூட உள்ள வரல." பெயர் இல்லாமல் என்ன விமர்சனம் என்று கேட்பீர்கள். படித்துப் பாருங்கள், மசினகுடிப் பக்கம் இடம் தேடும்போது என்ன கேட்க வேண்டும் என்றாவது தெரியும்.

நான் பிரசவ வார்டில் 31 வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். மகள் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை, பேறுகால விடுப்பில் இருந்தாள். எட்டு மாதப் பேரனையும் தூக்கிக்கொண்டு ஜனவரி கடைசியில் மூன்று இரவுகள் தங்கினோம். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக இறங்கினால் கிட்டத்தான், ஆனால் 36 கொண்டை ஊசி வளைவு. கைக்குழந்தையோடு அது வேண்டாம் என்று கூடலூர், தெப்பக்காடு வழியாகச் சுற்றிப் போனோம். நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்க மறந்துவிடாதீர்கள். நாங்கள் மறந்து, வழியில் ஓரமாக நிறுத்தி செல்போனில் எடுத்தோம்.

குறைகளைச் சொல்லித் தீர்த்துவிடுகிறேன். சுடுதண்ணீர் காலை ஆறிலிருந்து எட்டு வரைதான். செல்போன் சிக்னல் வாசல் படியில் மட்டும் வரும், அதுவும் நின்றுகொண்டு பேசினால். மெத்தை பழசு, என் இடுப்பு அதை மூன்று நாளும் நினைவூட்டியது. ஜன்னலைத் திறந்து வைத்த ஐந்து நிமிடத்தில் குரங்கு வந்து பேரனின் வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு போனது. வாடகை ஒரு இரவுக்கு 2,800 ரூபாய், காலைச் சாப்பாடு சேர்த்து. ராத்திரி கேட்டால் ராகிக்களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் தனிக் காசுக்குச் செய்து தருகிறார். அந்தக் குழம்புக்காக மட்டுமே இன்னொரு முறை போகலாம்.

மற்றவர்கள் அந்த இடத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று திரும்பி வந்த பிறகு பார்த்தேன். ராத்திரி முற்றத்தில் லைட் இல்லை, கேம்ப்ஃபயர் போட விடவில்லை, பாட்டு வைத்தால் வந்து நிறுத்தச் சொல்கிறார், பின்பக்க மூலையில் புதர் மண்டிக் கிடக்கிறது, வெட்டுவதே இல்லை, காலையில் அந்தப் பக்கம் நடக்கவும் விடுவதில்லை. எல்லாம் உண்மைதான். ஆனால் நாலரை நட்சத்திரத்தில் பாதிக்கு மேல் நான் கொடுத்தது அதற்குத்தான்.

பின்பக்க அறையின் வராந்தாவில் உட்கார்ந்தால் முன்னால் ஒரு வெட்டவெளி. சமையலறைத் தண்ணீர் வாய்க்காலாக அதில்தான் பாய்கிறது. காடு முழுக்கப் புல் காய்ந்து பழுப்பாகிவிட்ட நேரத்தில் அங்கே மட்டும் பச்சை, கட்டையாக, மாடு மேய்ந்தது போல. அதைத் தாண்டி வலது மூலையில் உண்ணிச்செடிப் புதர். அப்புறம் காடு. அதுதான் முதுமலை, 1940-இல் சரணாலயமாகி, 2007-இல் புலிகள் காப்பகம் ஆன இடம். புலி, சிறுத்தை, செந்நாய் மூன்றும் இருக்கின்றன, மூன்றுக்கும் புள்ளிமான் பிடித்த சாப்பாடு.

முதல் நாள் ராத்திரி பேரன் அழுதான் என்று தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். இருட்டில் இருபது முப்பது கண்கள் மினுங்கின. மான் கூட்டம் வீட்டை ஒட்டிப் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் வீட்டுக்காரம்மாவிடம் கேட்டேன். இருட்டினால் வெட்டவெளிக்கு வந்துவிடும், விடிந்தால் காட்டுக்குள் போய்விடும் என்றார். புதரோரம் படுத்தால் சிறுத்தை பத்தடி தூரம் வரும்வரை தெரியாது. மனிதர் புழங்கும் இடத்தைப் புலி கொஞ்சம் யோசித்துத்தான் நெருங்கும். நம் வீட்டுச் சுவரை மான் கூட்டம் காவலாக்கிக்கொள்கிறது.

மகள் சொன்னாள், அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் வட்டாரத்தில் மூஸ் என்கிற பெரிய மானும் இதையேதான் செய்கிறதாம். அங்கே கரடிகள் பெருகியபோது, ஈனப்போகும் தாய்கள் வருடத்துக்கு வருடம் தார்ச்சாலைக்குக் கிட்டே வந்து குட்டி போட ஆரம்பித்தன. கரடி சாலைப் பக்கம் வரத் தயங்கும். ஜோயல் பெர்கர் என்ற ஆய்வாளர் 2007-இல் இதை எழுதினார். ஆக, கார் ஓடும் சத்தமும் யாரோ ஒரு தாய்க்குக் காவல்.

ஆனால் நம் புள்ளிமான் கூட்டத்தோடு படுப்பது குட்டி கொஞ்சம் வளர்ந்த பிறகுதான். பிறந்த புதிதில் கதை வேறு. மறுநாள் காலை அதைப் பார்த்தேன்.

ஏழு மணி வாக்கில் ஒருத்தி மட்டும் தனியாக வந்தாள். இடது காது நுனி கிழிந்திருந்தது. மடியைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, பச்சை உடம்புக்காரி. பழைய தமிழில் பெண்மானுக்குப் பிணை என்றும் குட்டிக்கு மறி என்றும் பேர். எனக்கு அவள் கிழிஞ்ச காதுக்காரிதான். வாய்க்காலோரம் நின்று புல்லைக் கடித்தாள், தலையைத் தூக்கினாள், கடித்தாள், தூக்கினாள். வார்டில் வலி எண்ணிய பழக்கம், கை தானாக வாட்சுக்குப் போயிற்று. அன்று மாலை கூட்டத்தோடு மேய்ந்தவை ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை தலை தூக்கின. இவள் தனியாக நின்றபோது ஏழு எட்டுத் தடவை. கூட்டத்தில் பார்க்க நாலு கண் கூட இருக்கும், ஒவ்வொருத்தியும் கொஞ்சம் நிம்மதியாகத் தின்னலாம். தனியாக இருப்பவளுக்குப் பாதி நேரம் பார்ப்பதிலேயே போய்விடுகிறது.

அவளுக்கோ மற்ற எல்லோரையும்விட அதிகம் தின்ன வேண்டும். சூலியாக இருக்கும்போது தேவைப்படுவதைவிடப் பால் கொடுக்கும்போதுதான் உடம்பு அதிகம் கேட்கும். பிரசவம் ஆன பெண்ணுக்குப் பத்தியம் என்று வெறும் ரசச்சோறு போட்ட மாமியார்களோடு நான் எத்தனை சண்டை போட்டிருப்பேன். காட்டில் மாமியார் இல்லை, ஆனால் ஜனவரியில் காய்ந்த புல் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பச்சைத் துண்டுக்கு வருகிறாள்.

பத்து நிமிடம் மேய்ந்ததும், நேராகப் போகாமல் ஓரமாகவே சுற்றி அந்த மூலைப் புதருக்குப் போனாள். மெல்லிய ஒரு சத்தம். உண்ணிச்செடிக்கு அடியிலிருந்து கால் நடுங்க ஒரு குட்டி எழுந்தது. முட்டி முட்டிக் குடித்தது. குடிக்கும்போதே தாய் அதன் வாலுக்கு அடியில் நக்கிக்கொண்டே இருந்தாள். நக்கினால்தான் குட்டி கழிக்கும், கழித்ததையும் அவளே விழுங்கிவிடுவாள். வாடை மிச்சம் இருக்கக் கூடாது. ஈன்றதும் நஞ்சுக்கொடியைத் தின்றுவிடுவதும் இந்தக் கணக்கில் சேரும். நாங்கள் நஞ்சு முழுசாக வெளியே வந்ததா என்று விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்போம், ஒரு துண்டு உள்ளே நின்றுவிட்டால் தாயின் உயிருக்கே ஆபத்து. இங்கே ஒரு துண்டு வெளியே நின்றுவிட்டால் குட்டிக்கு ஆபத்து.

பால் குடித்த குட்டி பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. தானே நாலு அடி தள்ளி வேறொரு செடிக்குள் நுழைந்து படுத்துக்கொண்டது. வெயில் புள்ளி எது, முதுகுப் புள்ளி எது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. தாய் திரும்பிப் பார்க்காமல் கூட்டம் இருந்த திசைக்கு நடந்தாள். "என்னம்மா, விட்டுட்டுப் போயிட்டா" என்றாள் மகள். பாடம் நடத்துகிறவள், அவளுக்குத் தெரியும். ஆனாலும் மடியில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு பார்த்தால் அப்படித்தான் வாய் வரும்.

யானைக்குட்டி பிறந்த சில மணி நேரத்தில் தாயின் காலுக்கு நடுவே நடக்கும், கூட்டமே மதிலாக நிற்கும். மானுக்கு அந்த வசதி கிடையாது. பக்கத்தில் நின்றால் தாயின் வாடையும் உருவமும் குட்டியைக் காட்டிக்கொடுக்கும். அதனால் தள்ளி நின்று மேய்கிறாள், சில மணி நேரத்துக்கு ஒரு தடவை வந்து பால் கொடுத்துவிட்டுப் போகிறாள். புள்ளிமானுக்கு இந்த ஒளித்து வைக்கும் காலம் ஒரு வாரம் போலத்தான், மற்ற பல மான்களோடு ஒப்பிட்டால் ரொம்பக் குறைவு. பிறகு கூட்டத்தில் சேர்ந்துவிடும். அந்த ஒரு வாரத்தில் யாராவது 'பாவம், தாய் விட்டுட்டுப் போயிடுச்சு' என்று குட்டியைத் தூக்கிவிடுகிறார்கள். இங்கேயும் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கார் டிரைவர் தூக்கிக்கொண்டு வந்து அடுப்படியில் பால் கேட்டாராம். வீட்டுக்காரம்மா திட்டி, எடுத்த இடத்திலேயே வைக்கச் சொல்லி, பின்பக்கக் கதவைப் பூட்டிவிட்டார். சாயங்காலம் தாய் வந்துவிட்டது. அன்றிலிருந்துதான் பின்பக்கம் நடக்கத் தடை.

அவர் நாய் வளர்க்காததும் இதனால்தான். இவ்வளவு ஒதுக்குப்புறத்தில் நாய் இல்லாமலா என்று எனக்கு முதலில் பயமாகத்தான் இருந்தது. ஒரு நாய் போதும், அந்தப் புதரில் இருக்கிற குட்டியை மோந்து எடுத்துவிடும். அதோடு நாயைத் தேடிச் சிறுத்தை வேறு வரும். உப்பு வைப்பது, மிச்சச் சோறு போடுவது எதுவும் இல்லை. மானுக்குத் தீனி போட்டுக் கூப்பிட்டுக் காட்டுகிற இடங்கள் அந்தப் பக்கம் உண்டு. யாராவது போனில் "மான் கிட்ட வரும் சார், கையால குடுக்கலாம்" என்றால் அங்கே புக் செய்யாதீர்கள். "நைட் சஃபாரி கூட்டிட்டுப் போறோம்" என்றாலும் வேண்டாம், அதற்கு அனுமதியே கிடையாது. வனத்துறை வண்டி தெப்பக்காட்டிலிருந்து காலையிலும் மாலையிலும் போகிறது, அதில் போங்கள். இன்னொன்று, அங்கேயே உள்ள சீகூர் யானை வழித்தடத்தில் கட்டிய ரிசார்ட்டுகள் மீது வழக்கு நடந்து, 2020-இல் உச்ச நீதிமன்றம் வழித்தடத்தை உறுதி செய்தது. முன்பணம் கட்டும் முன் இடம் எங்கே இருக்கிறது, உரிமம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் மாலை நாலு மணி. பஜ்ஜி வந்தது. ஒரு வாய் கடிப்பதற்குள் மரத்து மேலிருந்து சாம்பல் மந்தி இருமியது போல ஒரு சத்தம், உடனே மான்கள் 'ஙௌ, ஙௌ' என்று கூவ ஆரம்பித்தன. கூட்டம் அப்படியே வெட்டவெளிக்குக் குவிந்தது. தூரத்துக் காட்டோரம் நாலு செந்நாய், வரிசையாக, அவசரமே இல்லாமல். அவை பகலில் வேட்டையாடுகிறவை, புலி மாதிரி இருட்டுக்குக் காத்திருப்பதில்லை. கிழிஞ்ச காதுக்காரி கூட்டத்தில் நின்று முன்காலால் தரையைத் தட்டினாள். புதர்ப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. எனக்குத்தான் பஜ்ஜி தொண்டையில் நின்றது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு காதோடு சொன்னாள்: வெண்வால் மான் குட்டிகளில் பார்த்திருக்கிறார்களாம், ஆபத்து நெருங்கினால் அசையாமல் படுத்துக்கொள்ளும், இதயத் துடிப்பும் சட்டென்று குறைந்துவிடும். 31 வருடம் வயிற்றில் காதை வைத்துத் துடிப்பு குறைந்தால் ஓடிய எனக்கு, குறைவதே பிழைக்கும் வழி என்பதை ஜீரணிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

செந்நாய்கள் போய்விட்டன. இருட்டும்வரை அவள் புதருக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு எங்களுக்குக் கண் தெரியவில்லை.

ராத்திரி பேரன் மறுபடி அழுதான். கனடாவில் மூல் மான் என்கிற இனத்துத் தாய்களுக்கு மனிதக் குழந்தை அழுகிற பதிவைப் போட்டுக் காட்டினால்கூட ஒலிபெருக்கியைத் தேடி ஓடி வந்தனவாம், 2014-இல் வந்த ஆய்வு. எங்கள் வாசல் மான்கள் தலையைத் தூக்கிப் பார்த்தன, அவ்வளவுதான். அதில் காது கிழிந்தது இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கக் கை பரபரத்தது. அடிக்கவில்லை.

கடைசி நாள் காலை அவள் வரவில்லை. எட்டு, ஒன்பது. பத்துக்குக் காட்டோரத்தில் தெரிந்தாள், மடி கனத்துப் போய். குட்டி குடிக்காத மடியைப் பார்த்தால் எனக்குத் தெரியும். குட்டி போய்விட்டதா, இல்லை இவளால் வர முடியவில்லையா? காரணம் கண்ணெதிரே இருந்தது. முன்பக்க அறைக்கு ராத்திரி வந்த குடும்பம் கயிற்றைத் தாண்டி வெட்டவெளியில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. அவள் ஓரத்தில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தாள். நான் போய்ச் சொன்னேன், "அஞ்சு நிமிஷம் ஆன்ட்டி" என்றார்கள். வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன். அவர் சண்டை போடவில்லை. முன்வாசலில் நின்று "டிபன் ஆறுதுங்க, சூடா வடை போட்டிருக்கேன்" என்று குரல் கொடுத்தார். ஒரு நிமிடத்தில் வெளி காலி.

அப்புறமும் அவள் உடனே வரவில்லை. எங்கள் அறையைக் காலி செய்ய வேண்டிய நேரம் பதினொன்று. பையெல்லாம் காரில் ஏற்றியாயிற்று, பேரன் தோளில் தூங்கிவிட்டான். பதினொன்று இருபதுக்குப் புதரை ஒட்டிப் போய் நின்றாள். முன்பு பார்த்த செடி இல்லை, அதற்கு இந்தப் பக்கம், வராந்தாவுக்கு இன்னும் கிட்டே, ஒரு கல்லுக்குப் பின்னாலிருந்து குட்டி எழுந்தது.

அரை மணி நேரம் கூடுதலாக இருந்ததற்கு வீட்டுக்காரம்மா காசு வாங்கவில்லை. வடைக்கும்.