ஏப்ரன் பாக்கெட்டில் கடுகு

பழைய சென்னிமலைப் போர்வையை வெட்டி நானே தைத்த ஏப்ரனைத்தான் ஒரு வருடத்துக்கும் மேலாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். தைத்த அன்றே படம் எடுத்துப் போட்டு 'சூப்பர்' வாங்குவது சுலபம். தினமும் கட்டி, துவைத்து, கிழிந்து, ஒட்டுப் போட்ட பிறகுதான் ஒரு துணியின் குணம் தெரியும். இந்த வாரம் வலது பாக்கெட் மூலை மறுபடியும் கிழிந்துவிட்டது. அந்தக் கடுப்பும் இதில் கலந்திருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

வெட்டும் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நீளம் 32 இன்ச், அகலம் 26, மார்புப் பக்கம் 10. வயிற்றுக்கு நேராக 14 இன்ச் அகலத்தில் ஒரே துண்டு, நடுவில் ஒரு தையல் ஓட்டினால் இரண்டு பாக்கெட். எந்த அளவுக் குறிப்பைப் பார்த்தாலும் பாக்கெட்டை அங்கேதான் வைக்கச் சொல்வார்கள். அதைப் பற்றி அப்புறம் நிறையச் சொல்ல இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். போர்வைத் துணியைக் குறை சொல்லவே முடியாது. வருடக்கணக்கில் துவைத்த கைத்தறி என்பதால் இனிமேல் சுருங்க ஒன்றுமில்லை. புதுக் காடாத் துணி என்றால் வெட்டுவதற்கு முன் ஒரு இரவு ஊறவைத்து உலர்த்தியே ஆக வேண்டும், இல்லையென்றால் முதல் துவையலில் நீளம் குறைந்து நிற்கும். ஈரக் கையைத் துடைத்தால் போர்வைத் துணி உடனே உறிஞ்சிக்கொள்ளும். அடுப்புப் பக்கம் நிற்பதற்கும் பருத்திதான் சரி. பாலியஸ்டர் கலந்த துணி தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். வழுவழுப்பாக, கறை படாமல் இருக்கிறது என்று அதில் தைக்காதீர்கள்.

நான் எதிர்பார்க்காமல் கிடைத்த சுகம் நாடா. கழுத்துக்குத் தனி, இடுப்புக்குத் தனி என்று தைக்காமல், அக்குள் பக்கச் சாய்வை இரண்டு ஓரமும் ஒன்றேகால் இன்ச் மடித்து அடித்துக் குழல் போல விட்டேன். அதற்குள் மூன்று மீட்டர் பருத்தி நாடாவை ஒரே நீளமாகக் கோத்தாயிற்று. இடுப்பில் இழுத்துக் கட்டினால் கழுத்து தானாக மேலேறும். என் உயரத்துக்கும் சரி, என்னைவிட ஒரு தலை உயரமான வீட்டுக்காரருக்கும் சரி, அதே ஏப்ரன் பொருந்துகிறது. ஒரே எச்சரிக்கை: பாவாடை நாடாவைக் கோக்காதீர்கள், பின்கழுத்தை அறுக்கும். ஒரு இன்ச் அகலமாவது வேண்டும்.

இனி பாக்கெட்.

என் மாமியாருக்கு ஏப்ரனும் வேண்டாம், பாக்கெட்டும் வேண்டாம். முந்தானையை இழுத்துச் செருகினால் கைத்துணி, பிடிதுணி, சில்லறை முடிச்சு எல்லாம் அதிலேயே ஆகிவிடும். நைட்டிக்கு மாறிய நம் தலைமுறைக்குத்தான் கை துடைக்க இடமில்லை, போன் வைக்க இடமில்லை. அந்த வகையில் பாக்கெட் ஒரு வரம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கேஸ் லைட்டரைத் தேடுவது நின்றுபோனது. குக்கர் வெயிட் கழுவிய பாத்திரங்களுக்கு அடியில் போய் ஒளிவதும் நின்றது. கழற்றியதும் நேராகப் பாக்கெட்டுக்குத்தான் போகிறது.

ஆனால் அதே பாக்கெட் வயிற்றுக்கு நேரே தொங்கும் குப்பைத்தொட்டியும்கூட. பாக்கெட்டின் வாய் எங்கே வருகிறது என்று கவனித்துப் பாருங்கள். சமையல் மேடை 32, 34 இன்ச் உயரம் இருக்கும். நம் ஊர்ப் பெண்களின் உயரத்துக்கு, கழுத்தில் மாட்டிய ஏப்ரனின் பாக்கெட் வாய் சரியாக மேடை விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வந்து நிற்கிறது. நாம் மேடையில் சாய்ந்தால் துணி மேலிருந்து தளர்ந்து வாய் 'ஆ'வென்று திறந்துகொள்ளும். மேடையிலிருந்து எது சரிந்தாலும் நேரே உள்ளேதான் போகும். தாளிக்கும்போது சிதறும் கடுகு, உளுந்து, வெங்காயத் தோல், கறிவேப்பிலைக் காம்பு எல்லாம் அங்கேதான். சிங்க்கில் பாத்திரம் கழுவினால் கிரானைட் விளிம்பில் வழிகிற தண்ணீரும் உள்ளே போகிறது.

சப்பாத்தி போடுகிற நாள் இதைவிட மோசம். மாவு பாக்கெட்டின் அடித்தையல் மடிப்புக்குள் போய் உட்காரும். அதில் ஈரம் பட்டதும் பசையாகி, காய்ந்ததும் கல்லாகிவிடும். வாஷிங் மெஷினில் போட்டாலும் போகாது. பாக்கெட்டை உள்வெளியாகத் திருப்பி, நகத்தால் சுரண்டி, தேங்காய் நாரால் தேய்த்தால்தான் வரும். அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இதற்கு ஒரு வைத்தியம் செய்து வைத்திருக்கிறேன். பாக்கெட்டின் கீழ் மூலைகள் இரண்டிலும் சுண்டுவிரல் நுனி அளவு தையலைப் பிரித்துவிட்டேன். கடுகும் மாவும் அதன் வழியாக உதிர்ந்துவிடும், லைட்டரும் குக்கர் வெயிட்டும் உள்ளேயே நிற்கும். பலன் உண்டு, பொய் சொல்ல மாட்டேன். என்ன, நடக்கிற இடமெல்லாம் கடுகு உதிர்கிறது. வெறுங்காலில் மிதித்துவிட்டு வீட்டுக்காரர் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லும் வேலை கூடுதல்.

அப்புறம் கிழிசல். எங்கள் சமையலறையில் மேடைக்கு அடியில் இழுப்பறைகள், அவற்றுக்கு நீளமான எவர்சில்வர் கைப்பிடிகள். பாக்கெட்டில் போன் இருந்தால் துணி தொய்ந்து வாய் வெளியே துருத்தும். அவசரமாகத் திரும்பினால் கைப்பிடி அதற்குள் புகுந்து இழுக்கிறது. போனது தையல் என்றால்கூடப் பரவாயில்லை. பாலியஸ்டர் நூல் அப்படியே இருக்கிறது, அதைத் தாங்கிய பழைய துணிதான் 'ட' எழுத்து போலக் கிழிந்துவிட்டது. நூல் அறுந்தால் இன்னொரு தையல் ஓட்டிக்கொள்ளலாம், துணி போனால் என்ன செய்வது? பழைய துணிக்குப் பருத்தி நூலே போதும். துணியைவிட நூல் பலவீனமாக இருப்பதுதான் நல்லது.

எதிர் வீட்டுப் பெண் திருப்பூர் பனியன் கம்பெனியில் மெஷின் ஓட்டியவள். பார்த்ததும் சிரித்தாள். "ஏனுங்க்கா, மூலைல பார்டேக் போடாம வெறும் தையல் விட்டா நிக்குமா?" என்றாள். பார்டேக் என்பது ஒரே இடத்தில் நெருக்கி நெருக்கி அடிக்கும் பூட்டுத் தையல். நம் வீட்டு மிதி மெஷினில் அது வராது. முன்னும் பின்னுமாக ஓட்டி ஒப்பேற்ற வேண்டியதுதான். ஆனால் நைந்த துணியில் அப்படி அடித்தால் ஊசி ஓட்டை வரிசையிலேயே கிழிந்துவிடும். அதனால் மூலைக்குப் பின்பக்கம் இரண்டு இன்ச் சதுரமாகக் கெட்டித் துணி வைத்து, அதையும் சேர்த்து முக்கோணமாக அடித்திருக்கிறேன். 1873இல் அமெரிக்காவின் ரீனோ ஊர்த் தையல்காரர் ஜேக்கப் டேவிஸும், அவருக்குத் துணி விற்ற லீவை ஸ்ட்ராஸும் காப்புரிமை வாங்கியது இதே மூலைக்குத்தான். கூலி வேலைக்காரர்களின் கால்சட்டைப் பாக்கெட் கிழிந்துகொண்டே இருந்ததால், மூலையில் செம்பு ரிவிட் அடித்தார்கள். என் சமையலறைக் கைப்பிடிக்கும் அதுதான் சரியான மருந்து.

நாத்தனார் போன வாரம் கேட்டிருந்தாள்: "அண்ணி, நானும் ஒண்ணு தைக்கப் போறேன். பாக்கெட் ஒண்ணா, ரெண்டா?" பாக்கெட்டே வேண்டாம் என்று பதில் போட்டுவிட்டேன். இன்றைக்கு என்னிடம் கேட்டால் இந்த ஏப்ரனுக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான். துணிக்கு ஒன்று, நாடாவுக்கு ஒன்று. லைட்டரும் குக்கர் வெயிட்டும் பாக்கெட்டில் கைக்கு அகப்படுகிற சுகத்துக்கு மதிப்பெண் இல்லை, கடுகு அதைத் தின்றுவிட்டது.

போர்வையில் பாதி இன்னும் மிச்சம் இருக்கிறது. நேற்று அடுத்ததற்குக் கோடு போட்டேன். நடுவில் ஒன்றும் இல்லை. வலது இடுப்போரமாக ஒரே பாக்கெட், வாய் 6 இன்ச், ஆழம் 8, இரண்டு மூலைக்கும் பின்னால் ஜீன்ஸ் துண்டு. நாத்தனாரிடம் இதைச் சொல்லவில்லை.