திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம்: எந்த வழி யாருக்கு?

திருச்சி விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 185 கிலோமீட்டர்தான். திருச்சியிலிருந்து சாலை வழியே கோவைக்குப் போவதே இதைவிட அதிக தூரம். இத்தனை பக்கத்தில் இருந்தும் போர் முடிந்த பின்னும் பல ஆண்டுகள் கொழும்பைச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. வானில் 400 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போய் கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவில் இறங்கி, அப்புறம் 350 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே திரும்பி வர வேண்டும். பஸ்ஸிலோ ரயிலிலோ கிட்டத்தட்ட ஒரு முழுப் பகல் அதிலேயே போய்விடும். கொழும்பில் போய் முடிக்க வேண்டிய காரியம் எதுவும் இல்லாதவர்களுக்கு இனி அந்த வழி வேண்டாம்.

2025 மார்ச் 30 அன்று திருச்சி–யாழ்ப்பாணம் நேரடிச் சேவையை இண்டிகோ தொடங்கியது. ஓடுவது சிறிய ஏடிஆர் விமானம். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கக்கூடியது என்பதால், கணக்குப்படி அரை மணி நேரம்கூட ஆகக் கூடாது. அட்டவணையில் ஒரு மணி நேரம் போட்டிருப்பார்கள். ஓடுபாதைக்கு உருண்டு போவது, மேலே ஏறுவது, வேகம் குறைத்து இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். நேர்கோடு போட்டுப் பார்த்தால் பட்டுக்கோட்டைப் பக்கமாகப் போய் அதிராம்பட்டினம் அருகே கரை தாண்டுகிறது. அதாவது பயணத்தில் ஏறக்குறைய பாதி நம்ம டெல்டா மண், மீதி பாக் நீரிணை. ஏடிஆரின் இறக்கை உடலுக்கு மேலே இருப்பதால், ஜன்னலோர இருக்கை கிடைத்தால் கீழே பார்ப்பதை அது மறைக்காது.

சென்னையிலிருந்து பலாலி சுமார் 355 கிலோமீட்டர். தூரம் இரு மடங்கு, ஆனால் நேரம் கால் மணியோ இருபது நிமிடமோதான் கூடுதல். அதனால் பறக்கும் நேரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். வீட்டிலிருந்து விமான நிலையம் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். தஞ்சை, புதுக்கோட்டை, மதுரைக்காரர்களுக்குத் திருச்சி. விழுப்புரத்துக்கு வடக்கே சென்னை. தஞ்சாவூரில் வீட்டுப் படியிறங்கி யாழ் நகரம் சேர, சோதனை வரிசைகளையும் சேர்த்து ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம்.

நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் துறைமுகமான காங்கேசன்துறைக்குக் கப்பலும் இருக்கிறது. கடலில் சுமார் 110 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். காலையிலேயே கிளம்பும் என்பதால் தஞ்சைக்காரர்கள் விடிவதற்கு முன்பே வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும். நாகை, காரைக்கால்காரர்களுக்கு இதுதான் சௌகரியம். கடல் பயணம் பிடித்தவர்கள் எந்த ஊராக இருந்தாலும் ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

ஆனால் வடகிழக்குப் பருவமழை வந்தால் கப்பலை நம்ப முடியாது. 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கிய சேவை சில நாட்களிலேயே மழைக்காக நின்றது. 2024 நவம்பரில் நிறுத்தியது 2025 பிப்ரவரியில்தான் திரும்ப ஓடியது. ஐப்பசி, கார்த்திகையில் கல்யாணம் காட்சி என்று தேதி குறித்துப் போகிறவர்கள் விமானத்திலேயே டிக்கெட் போடுங்கள், அதுவும் ஒரு நாள் முன்னதாக.