நாலு கச்சான் பார்த்த விறகடுப்பு

மண்டபம் பக்கம் கடலோரத்தில் எங்கள் வீடு. கேஸ் இருக்கிறது, இல்லாமல் இல்லை. ஆனாலும் 2021 கடைசியில் சமையற்கட்டில் புகைக்குழாய் வைத்து ஒரு விறகடுப்பு கட்டினோம். சோறு, வெந்நீர், மீன் குழம்பு எல்லாம் அதில்தான். காலை டீக்கும் அவசரத்துக்கும் மட்டும் கேஸ். விறகுக்குப் பஞ்சமில்லை, வேலி தாண்டினால் கருவைதான்.

செங்கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டிய இரண்டு கண் அடுப்பு. முன் கண்ணில் எரிகிற தீ பின் கண்ணுக்கும் சூடு கொடுத்துவிட்டு, குழாய் வழியாக வெளியே போகும். புது யோசனை இல்லை. ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்ற பொறியாளர் 1950-களிலேயே இப்படி ஒன்றை வடிவமைத்தார். 1980-களில் மத்திய அரசும் திட்டம் போட்டு ஊர் ஊராகக் கட்டிக் கொடுத்தது. எங்கள் அத்தை வீட்டிலும் ஒன்று இருந்ததாம். குழாய் அடைத்துக்கொண்டதும் இடித்துப் போட்டுவிட்டு மூணு கல்லுக்கே திரும்பிவிட்டார்கள். அது ஏன் என்று நாலு வருஷத்தில் நன்றாகவே புரிந்தது. அடுப்பு இன்றுவரை ஒரு தொந்தரவும் தரவில்லை. படுத்தியதெல்லாம் குழாய்தான்.

முதல் தப்பு கட்டும்போதே நடந்தது. சமையற்கட்டு பழைய ஓட்டுக்கூரை, ஓட்டைத் தாங்க பனங்கை என்கிற பனைமரச் சட்டம். கொத்தனார் தகரக் குழாயை நேராக ஓட்டைத் துளைத்து மேலே விட்டார். "பனங்கைக்குப் பக்கத்துல போகுதே அண்ணே" என்றேன். "நாலு விரக்கடை இருக்குல்ல தம்பி, புகைதானே" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். மூணாம் மாதம் ஒட்டடை அடிக்க ஏணியில் ஏறினால், குழாயைப் பார்த்த பக்கம் மட்டும் பனங்கை காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்கிறது. நகத்தால் சுரண்டினேன், கரித்தூளாக உதிர்ந்தது. தீ தொடவே இல்லை, சூடு மட்டும்தான். தினமும் வேகிற மரம் நாளாக ஆகக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். ஒற்றைத் தகட்டுக் குழாய் என்றால் மரத்திலிருந்து 18 அங்குலமாவது தள்ளி நிற்க வேண்டும். ஓலைக்கூரை உள்ளவர்கள் குழாயைக் கூரை வழியாக விடும் நினைப்பையே விட்டுவிடுங்கள்.

அந்த வாரமே பிரித்து, செங்கல் சுவர் வழியாக வெளியே கொண்டுபோனோம். திருப்பத்தில் எல்போ என்கிற வளைவு போடாமல், ‘T’ வடிவ மூவழி இணைப்பு ஒன்றைப் போட்டு, அதன் அடி வாயை மூடியால் அடைத்தோம். மூடியைத் திருகினால் புகைக்கரி மொத்தமும் கீழே கொட்டிவிடும். இந்த அடுப்பில் உருப்படியாக நான் சொன்ன யோசனை அது ஒன்றுதான்.

அப்புறம் கச்சான் வந்தது, மேற்கிலிருந்து அடிக்கிற பருவக்காற்று. மேற்கே மாடி வீடு, எங்கள் குழாய் அதைவிடத் தணிவு. காற்று மாடியைத் தாண்டி விழும்போது புகையை அப்படியே உள்ளே திருப்பி அமுக்கியது. "குழாய் வச்ச அடுப்பும் புகையுதுன்னா பழைய அடுப்பே தேவலடா" என்று அப்பத்தா கண்ணைக் கசக்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டது. சுற்றிலும் 10 அடிக்குள் இருக்கிற எந்தக் கூரையைவிடவும் குழாய் 2 அடி உயரமாக இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஏற்றினோம், மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினோம். பக்கத்தில் ஓலைக்கொட்டகை இருப்பதால் தீப்பொறி பறக்காமல் தொப்பிக்குள் வலையும் வைத்தோம். வலை சீக்கிரம் அடைக்கிறது, வேறு வழியில்லை.

துருவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே உப்புக்காற்று அரித்து, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று. என் தகரக் குழாய் எம்மாத்திரம்? இரண்டாவது மழைக்காலத்தில் விரல் நுழைகிற ஓட்டை. எவர்சில்வரிலும் 304 ரகம் நம் கடலோரத்தில் புள்ளி புள்ளியாக அரிக்கும். 316 போட்டேன். விலை கூடத்தான், ஆனால் இன்னும் நிற்கிறது.

விறகு ஒரு கோடையாவது காய வேண்டும். இரண்டு கட்டையைத் தட்டினால் 'டங்' என்று கேட்கணும். ஈர விறகு அடுப்பில் சீறும், குழாய்க்குள் தார் மாதிரி பளபளவென்று ஒட்டும். அந்தத் தார்தான் ஒருநாள் குழாய்க்குள்ளேயே பற்றி எரியும். மாதம் ஒருமுறை கயிற்றில் தேங்காய் நார் முடிச்சுக் கட்டி உள்ளே விட்டு இழுக்கிறேன். வருவது உலர்ந்த பொடி என்றால் நிம்மதி.

மாமா ஒருமுறை உடைந்த வத்தைப் படகின் பலகைகளைக் கொண்டுவந்து போட்டார். நல்ல காய்ந்த மரம், ஆனால் தீ பச்சையும் நீலமுமாக எரிந்தது, நாற்றம் தொண்டையைப் பிடித்தது. பெயிண்டும் உப்பும் ஏறிய மரம் புகையை விஷமாக்கும், குழாயையும் தின்னும். கரையில் ஒதுங்கிய கட்டையும் அப்படித்தான். அதை எடுத்துத் தள்ளிவைத்ததில் மாமாவுக்குக் கொஞ்சம் வருத்தம்.

வாடை மழையில் ஜன்னலை மூடிச் சமைத்த ஒருநாள் அம்மாவுக்குத் தலைவலி, குமட்டல். கண்ணுக்குப் புகையே தெரியவில்லை. கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. இப்போது சாரல் அடித்தாலும் ஒரு ஜன்னல் திறந்தே இருக்கும், சுவரில் அந்த வாயுவுக்கான அலாரமும் மாட்டியிருக்கிறேன்.

சாம்பலை அப்பத்தா விடாது. விலாங்கு வழுக்காமல் பிடித்து அறுக்க அதுக்குச் சாம்பல் வேண்டும். முந்தின நாள் சாம்பல்தானே என்று நான் பிளாஸ்டிக் வாளியில் அள்ளி வைத்தேன். ராத்திரிக்குள் வாளியின் அடி உருகி, ரூபாய் அகலத்துக்கு ஓட்டை. உள்ளே கருவைக் கங்கு கண் விழித்துக்கொண்டு கிடந்தது. இப்போது மூடி போட்ட இரும்பு வாளி, அதுவும் வாசலுக்கு வெளியே.

குழாய் மாற்றியபோது தொப்பியை மட்டும் பழைய தகரத்திலேயே விட்டிருந்தேன். போன வாரம் அதுவும் ஒரு பக்கம் தொங்கிவிட்டது. கொத்தனாருக்குப் போன் போட்டேன். "கச்சான் அடங்கட்டும் தம்பி, இந்தக் காத்துல ஏணி நிக்காது" என்கிறார்.