குடும்ப விசா ஏஜென்சி: பேப்பர் வேலைக்கு தாராளமா நம்பலாம்

மனைவிய என்கூட கூட்டிட்டு வர இவங்ககிட்டதான் குடுத்தேன். மேரேஜ் சர்டிபிகேட்டுக்கு அப்போஸ்டில் (வெளிநாட்டுல ஏத்துக்கறதுக்காக, சர்டிபிகேட் குடுத்த நாட்டு அரசு போடற சான்று முத்திரை) வேணும், அத ஏத்துக்கற 1961 ஹேக் ஒப்பந்தத்துல சேராத நாடுன்னா தூதரக அட்டெஸ்டேஷன்னு முதல்லயே தெளிவா சொல்லிட்டாங்க, பாஸ்போர்ட்ல இருக்கற பேரு சர்டிபிகேட்டோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகுதான்னு உக்காந்து பாத்தாங்க, எங்க உறவு உண்மைன்னு காட்ட போட்டோ, கால் ஹிஸ்டரி, பணம் அனுப்பின ரசீதுன்னு எல்லாத்தையும் தேதி வாரியா அடுக்கிக் குடுத்தாங்க, அது தனியா பண்ணிருந்தா ரொம்ப கஷ்டம்ங்க.

மெயிலுக்கு பதில் மட்டும் லேட்டு. பிரிஞ்சு இருக்கறவங்களுக்கு ஒவ்வொரு நாளும் பாரம், அத அவங்க புரிஞ்சுக்கணும்.

கேரண்டியா விசா வாங்கித் தர்றோம்னு ஒரு தடவகூட சொல்லல, முடிவு விசா ஆபீசர் கையிலதான்னாங்க. அந்த நேர்மைக்கே 5க்கு 4 குடுப்பேன்.